இன்னாசி மாமா திரும்ப வாங்கிய சொல்

1

புதன்கிழமைகளில் இங்கே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பள்ளிக்கூடம் இல்லையென்றால் மத்தியானச் சாப்பாடு இல்லை. சாப்பாடு இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை. பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில், ஆரம்பப் பள்ளியின் கேன்டீனில் பரிமாறுவதும், தட்டுக் கழுவும் மிஷினுக்குத் தீனி போடுவதும், தரை துடைப்பதும் என் வேலை. கடலூரில் இருக்கிற சொந்தக்காரர்கள் "பிலோ ஃபிரான்சுல ஸ்கூல்ல வேலை செய்யுது" என்று சொல்லி அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கேட்பவர்கள் டீச்சர் என்று நினைத்துக்கொண்டால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

அப்படி ஒரு புதன்கிழமை, ஏப்ரல் மாதம். துவைத்த துணிகளை ஹீட்டர் மேல் விரித்துக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து ஒரு பழைய சிநேகிதி வாட்ஸப்பில் வீடியோ அனுப்பியிருந்தாள். சிதம்பரத்தில் ஓடும் ஒரு கேபிள் சேனலின் பேட்டி. கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் இன்னாசி மாமா, என் அக்கா ரீட்டாவின் கணவர். சிதம்பரத்தில் ஒரு கடை மாடியில் பிள்ளைகளுக்கு கீபோர்டும் கிளாரினெட்டும் சொல்லிக்கொடுக்கிறார். தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய்வருகிறார். மாமா டிவியில் வந்துவிட்டாரே என்று துணியை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்தேன். சட்டையைக்கூட இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார்.

பேட்டி எடுத்த பெண் கடைசியாக ஒன்று கேட்டாள்: "ஒரு காலத்துல மேடையில ரொம்பக் காரசாரமா பேசுவீங்களாமே சார்? பாட்டுல்லாம்கூட அப்படித்தான் இருக்குமாமே?"

மாமா கிளாரினெட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அது அந்த வயசும்மா. யாரோ எழுதிக் குடுத்தாங்க, பாடுனோம். யாரோ பேசச் சொன்னாங்க, பேசுனோம். அதுல யாரு மனசாவது கஷ்டப்பட்டிருந்தா, தப்புதான். வாசிக்கிறவனுக்கு எதுக்கும்மா அரசியல்?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாட்டை எழுதிய அந்த ‘யாரோ’ என் அக்கா. அன்று காலையில் அவருக்கு இட்லி வைத்து, டப்பாவில் சட்னி ஊற்றி, பஸ்ஸுக்கு அனுப்பியதும் அதே ‘யாரோ’வாகத்தான் இருக்கும்.

2

என்ன பாட்டு, என்ன பேச்சு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் மாதா கோயில் பங்கின் பெயரையும் தெருவின் பெயரையும் எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் உங்கள் ஊரில் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் பொருந்திவிடும்.

எங்கள் கோயிலில் மாதா திருவிழா மே மாதம். ஒன்பது நாள் நவநாள் முடிந்து, கடைசி இரவு தேர் பவனி. சீரியல் பல்பும் சம்பங்கி மாலையுமாகத் தேர் பெரிய தெருக்களைச் சுற்றி வரும். எங்கள் தெரு முக்கு வரைக்கும் வரும். அங்கே ஒரு நிமிஷம் நிற்கும். பிறகு பக்கத்துத் தெருவுக்குத் திரும்பிவிடும். அந்த ஒரு நிமிஷத்துக்காக எங்கள் தெரு சனம் மொத்தமும் வீட்டைப் பூட்டிக்கொண்டு முக்கில் போய் நிற்கும். கையில் உப்பு, மிளகு, பொரி. வேண்டுதல் உள்ளவர்கள் அதைத் தேர்மேல் வீசுவார்கள். வீசி முடிப்பதற்குள் தேரின் முதுகு தெரியும். இதுதான் வழக்கம். என் அப்பாவுக்கும் அதுதான் வழக்கம், அவருடைய அப்பாவுக்கும் அதுதான்.

ஏன் உள்ளே வராது? தெரு குறுகல் என்பார்கள். மேலே கரண்டுக் கம்பி தாழ்ந்திருக்கிறது என்பார்கள். சாதி என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. இதில் வேடிக்கை என்னவென்றால், தேருக்கு முன்னால் காலங்காலமாக வாசித்த பேண்டு செட் எங்கள் தெருவினுடையது. எங்கள் ஆட்கள் வாசித்துக்கொண்டே தேரைக் கூட்டிவருவார்கள், எங்கள் தெருவைக் கண்டதும் வாசித்துக்கொண்டே வேறு பக்கம் கூட்டிப்போவார்கள்.

நான் காலேஜ் படித்த காலத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு கலைக்குழு வைத்திருந்தோம். இன்னாசி மாமா கிளாரினெட். தவில், தப்பு, டிரம்ஸ் எதைக் கொடுத்தாலும் அடிக்கிற ஒரு பையன் சிதம்பரத்தில் இருந்தான். அவன் வீட்டு மொட்டை மாடியில்தான் ரிகர்சல். நான் பாடுவேன். ரீட்டா அக்காவுக்குக் குரல் கிடையாது, ஆனால் வாயைத் திறந்தால் வரி வரும். ஒருமுறை சேத்தியாத்தோப்பில் நிகழ்ச்சி முடித்துவிட்டுப் பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். கடலூர் வருவதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. அதன் முதல் இரண்டு வரி இது:

முக்கு வரைக்கும் வந்த மாதாவே – எங்க
தெரு என்ன முட்டுச் சந்தா?

அந்தப் பாட்டை மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒரு கூட்டத்தில் பாடினோம். நான்தான் பாடினேன். பாட்டு முடிந்ததும் யாரும் எதிர்பார்க்காமல் இன்னாசி மாமா என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். "எங்க தெருவுக்குள்ள வராத தேருக்கு முன்னால இனிமே நாங்க வாசிக்க மாட்டோம். வாசிச்சா நாங்க மனுசன் இல்ல" என்றார். கூட்டம் எழுந்து நின்றது. அக்காவுக்கு அவர்மேல் அன்றைக்குத்தான் மனசு விழுந்தது என்பது என் கணக்கு. கேட்டால் இன்றுவரை ஒப்புக்கொள்ள மாட்டாள்.

அந்த வருஷத்திலிருந்து தேருக்குப் புதுச்சேரியிலிருந்து பேண்டு வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மாமா சொன்ன சொல் மாறவில்லை. கல்யாணத்துக்கு வாசித்தார், கட்சிக்காரர்கள் ஊர்வலத்துக்கு வாசித்தார், வேறு ஊர்த் தேருக்கும் வாசித்தார். எங்கள் கோயில் தேருக்கு மட்டும் கிளாரினெட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. தேர் திரும்பும் நேரத்தில் அவர் வீட்டில் ஒற்றை ஆளாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார் என்று அக்கா சொல்லுவாள்.

3

நான் கல்யாணமாகி இங்கே வந்தேன். என் கணவர் குடும்பம் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். அதனால் எனக்கு விசா கிடைத்தது, பாஷை கிடைக்கவில்லை. கேன்டீனில் சேர்ந்த புதிதில், உடன் வேலை செய்யும் ஃபத்து (மாலி நாட்டுக்காரி, என்னைவிடப் பத்து வயது மூத்தவள்) தினமும் காப்பி வேண்டுமா என்று கேட்பாள். நான் பல்லெல்லாம் தெரிய "மெர்சி" என்பேன். அவள் தலையாட்டிவிட்டுத் தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு போய்விடுவாள். எவ்வளவு கல்நெஞ்சக்காரி என்று வீட்டில் வந்து புலம்பினேன். சாப்பிட ஏதாவது நீட்டும்போது இங்கே வெறும் ‘நன்றி’ சொன்னால் ‘வேண்டாம்’ என்று அர்த்தமாம். ஒரு குளிர்காலம் முழுவதும் காப்பி இல்லாமல் இருந்தேன்.

பெயரும் அப்படித்தான் போனது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிட்டதால், இங்கே ஆபீஸிலும் பள்ளியிலும் நான் ‘மதாம் சவரிமுத்து’. அப்பா இறந்து இத்தனை வருஷத்துக்குப் பிறகு, அவர் பார்த்தேயிராத ஊரில் தினமும் அவரைக் கூப்பிடுகிறார்கள். முதலில் கோபம் வந்தது. இப்போது யாராவது பிலோமினா என்று கூப்பிட்டால்தான் ஏமாற்றமாக இருக்கிறது.

எனக்கு யூடியூபில் ஒரு சேனல் உண்டு. மீன் குழம்பு, கருவாட்டுத் தொக்கு, கிறிஸ்துமஸுக்கு அதிரசம், இப்படித்தான் போடுவேன். பார்ப்பவர்கள் பாதிப்பேர் சொந்தக்காரர்கள். அந்த மஞ்சக்குப்பம் நிகழ்ச்சியை அன்று ஒரு கல்யாண வீடியோக்காரர் படம் பிடித்திருந்தார். அதன் சிடி என் பெட்டியில் வந்திருந்தது. சில வருஷங்களுக்கு முன் என் கணவர் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தார். குழம்புகளுக்கு நடுவே அதையும் போட்டேன். குழம்பை விட அதுதான் ஓடியது.

அதற்குக் கீழே மக்கள் எழுதினார்கள். யார் யாரோ, எந்தெந்த ஊரோ. ‘எங்க ஊர்ல ஏரிக்கரையோட நின்னுடும்’ என்று ஒருவர். ‘எங்க தெருவுக்கு அம்மன் வராது, நாங்க இந்துதான்’ என்று ஒருவர். ‘இந்த அக்கா இப்ப எங்க இருக்காங்க?’ என்று ஒரு பெண் கேட்டிருந்தாள். இங்கேதான் இருக்கிறேன், தட்டு கழுவிக்கொண்டு என்று பதில் போடக் கை வந்தது, போடவில்லை.

என் மகள் அனாயிஸுக்கு இப்போது பத்தொன்பது வயது, சட்டம் படிக்கிறாள். அந்த வீடியோவை முதலில் பார்த்தபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, நீயா இது? எவ்வளோ கோவம்!" என்றாள். பிறகு பாட்டுக்கு அர்த்தம் கேட்டாள். சொன்னேன். நெற்றியைச் சுருக்கி யோசித்தாள்.

"ஏன் வரல? ரோடு சின்னதா?"

பங்குப் பெரியவர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் அதே பதிலை என் பெண் கேள்வியாகக் கேட்டாள். இவளுக்குச் சாதி என்ற சொல் தெரியாமல் வளர்த்துவிட்டோம் என்று சந்தோஷப்படுவதா, ஒன்றுமே தெரியாமல் வளர்த்துவிட்டோம் என்று வருத்தப்படுவதா என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. இன்றைக்கும் முழுசாகப் புரிந்துவிட்டதென்று சொல்ல மாட்டேன்.

4

பேட்டியைப் பார்த்த கையோடு மாமாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுநாள் நான் கேன்டீனிலிருந்து திரும்பும்போது, பஸ் ஸ்டாப்பில், அவரே கூப்பிட்டார்.

"பிலோ, நல்லாகீறியா? மாப்ள, புள்ளைங்க?"

"அதெல்லாம் இருக்கட்டும் மாமா. டிவியில என்னா சொன்னீங்க நீங்க?"

"பார்த்துட்டியா." பின்னால் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் யாரோ கடலூர் கடலூர் என்று கத்திக்கொண்டிருந்தார். "பிலோ, ஒரு உதவி. உன் சேனல்ல நம்ம பாட்டு ஒண்ணு இருக்குதுல்ல. அத எடுத்துடும்மா."

"எதுக்கு?"

"எடுத்துடேன். காரணம் கேக்காத."

"பேசுன பேச்சத்தான் முழுங்கிட்டீங்க. பாட்டையும் முழுங்கணுமா? யாரு மாமா மெரட்டுறாங்க? கட்சியா? கிளாஸுக்கு வர்ற புள்ளைங்க வீடா?"

"யாரும் மெரட்டல."

"அப்ப நான் எடுக்க மாட்டேன். அதுல பாடுறது நான். அது என் கொரலு."

"செரிம்மா" என்றார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அவர் சரி என்று சொன்னது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அன்றே அக்கா மகன் ஜோயலிடமிருந்து குரல் செய்தி வந்தது. ஜோயல் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். அதிகம் பேசாத பிள்ளை. "சித்தி, அப்பா போன் பண்ணியிருப்பாரு. நீங்க எடுக்காதீங்க. மன்னிப்பு கேட்டு வாங்கற தேரு எங்களுக்குத் தேவையில்ல. அவருகிட்ட நான் பேசறதே இல்ல இப்ப."

தேரா? இதில் தேர் எங்கிருந்து வந்தது என்று அக்காவைக் கூப்பிட்டேன்.

5

"மொதல்ல நான் சொல்றத முழுசா கேளு. நடுவுல கத்தாத" என்று ஆரம்பித்தாள் ரீட்டா அக்கா. அவள் அங்கன்வாடியில் டீச்சர். என்னையும் அங்கே பெஞ்சில் உட்காரவைத்திருப்பதாகவே எப்போதும் பேசுவாள்.

அவள் சொன்னது இதுதான். புதிதாக வந்த பங்குச் சாமியார் இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார். இந்த முறை பங்குப் பேரவையில் எங்கள் தெருவிலிருந்து அக்காவும் ஒரு ஆள். கிறிஸ்துமஸிலிருந்து கூட்டம் மேல் கூட்டம். கடைசியில் பெரிய தெருக்காரர்கள் இறங்கி வந்திருக்கிறார்கள். தேர் உள்ளே வரட்டும், ஆனால் தங்களை ஊர் ஊராக அவமானப்படுத்தின அந்தப் பாட்டு இன்னும் யூடியூபில் ஓடுகிறது, அதை எடுக்க வேண்டும். பேசினவர் பேசியது தப்பு என்று நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் இந்த மே மாதமே தேர் வரும்.

"எழுதுனது நான்னு அவுங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா என்கூட ஒரே மேசையில ஒக்கார மாட்டாங்க. அதான் யாரோன்னு சொல்லச் சொன்னேன். அவரு மாட்டேன்னுதான் சொன்னாரு. ரெண்டு நாளு சோறு துண்ணல. நான்தான்டி சொல்ல வெச்சேன்."

"அக்கா, தப்பு பண்ணது அவுங்க. மன்னிப்பு நாம கேக்கறதா? இது அநியாயம் இல்ல?"

"அநியாயந்தான். நான் இல்லன்னு சொல்லலியே."

"அப்பறம்?"

"இருவது வருசம் வீரமா இருந்தோம் பிலோ. நல்லாத்தான் இருந்துது. தேரு முக்குலயே திரும்பிக்கினு இருந்துது. நீ அங்க போயிட்ட. நான் வருசா வருசம் அந்த முக்குல போயி நின்னுக்கினு இருந்தேன்."

நீ அங்க போயிட்ட என்பதை அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதுபோலத்தான் சொன்னாள். அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. இங்கே யார் என்னை என்ன செய்துவிடுவார்கள்? அந்தப் பாட்டு என் சேனலில் எத்தனை வருஷம் ஓடினாலும் எனக்குப் பஸ் நிற்கும், சம்பளம் வரும். பாட்டின் பெருமை எனக்கு, முக்கு அவளுக்கு.

ஆனாலும் உடனே சரி என்று சொல்லவில்லை. ஜோயல் சொன்னதும் நியாயமாகப்பட்டது. ஒருவர் காலில் விழுந்து வாங்குகிற மரியாதை என்ன மரியாதை? இரண்டு நாள் கேன்டீனில் உருளைக்கிழங்கு மசியலை அள்ளி அள்ளி வைத்துக்கொண்டே மனசுக்குள் இரண்டு பேருடனும் சண்டை போட்டேன்.

அந்த வாரம்தான் அனாயிஸ் எனக்குப் பாடம் எடுத்தாள். பிரெஞ்சுக் குடியுரிமைக்கு நான் இப்போதுதான் விண்ணப்பித்திருக்கிறேன், ஜூனில் இண்டர்வியூ. வருஷக்கணக்காக ரெசிடென்ஸ் கார்டைப் புதுப்பிக்க இணையத்தில் இடம் கிடைக்காமல் விடியற்காலையில் எழுந்து எழுந்து பார்த்தே அலுத்துப்போய், கடைசியில் இந்த வழிக்கு வந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் என் மகள் அதிகாரி. இந்தப் பக்கம் நான்.

"மதாம் சவரிமுத்து, உங்கள் நாட்டில் ஏதாவது அமைப்பில் இருந்தீர்களா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்து, இருந்தேன், ஒரு கலைக்குழு, அதில் நாங்கள் சாதியைப் பற்றி, தேரைப் பற்றி என்று ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அது ஒரு கலவரம் மாதிரி வெளியே வந்தது. அனாயிஸ் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அம்மா, சர்ச்சுல கோரஸ் பாடினேன்னு சொல்லு. போதும். அது பொய் இல்லையே?"

பொய் இல்லைதான். "தேவாலயத்தில் கோரஸ் பாடினேன்" என்று பிரெஞ்சில் சொன்னேன். ஒரு பிழை இல்லாமல் வந்தது. அனாயிஸ் சபாஷ் என்றாள். எனக்கு மடியில் கிளாரினெட் வைத்துக்கொண்டிருந்த மாமா ஞாபகம் வந்தார். அந்த மனுஷன் இஸ்திரி போட்ட சட்டையில், கேமராவைப் பார்க்காமல், எவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்லியிருப்பார்.

6

மறுநாள் மாமாவைக் கூப்பிட்டு, எடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் நன்றி சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து, "எடுக்கறதுக்கு முன்னால ஒருவாட்டி போடேன் பிலோ. நான் போன்லயே கேக்கறேன்" என்றார்.

போட்டேன். லேப்டாப் பக்கத்தில் போனை வைத்தேன். இருபது வயதுப் பெண் ஒருத்தி, துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, கழுத்து நரம்பு புடைக்கப் பாடினாள். இப்போது ஒரு படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்குகிறது. மாமா பேசியதும் வந்தது, கூட்டம் எழுந்து நின்றதும் வந்தது. முடிந்ததும் போனை எடுத்துக் காதில் வைத்தேன்.

"மாமா? இருக்கீங்களா?"

"ரெண்டாவது சரணத்துல சுருதி வெலகிட்டேன் பாரு" என்றார். "இத்தன வருசமா எவனும் சொல்லல."

அவர் வைத்த பிறகு, கீழே இருந்த பின்னூட்டங்கள் எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்தேன். எனக்கு அழிக்க மனசு வராதது அவற்றைத்தான். பாட்டு என்னுடையது, அக்காவுடையது, எடுக்கலாம், கொடுக்கலாம். ஏரிக்கரையோடு நின்றுவிடும் என்று எழுதினவரிடம் நான் யாரைக் கேட்டு அழிப்பது? ‘இந்த அக்கா இப்ப எங்க இருக்காங்க?’ என்று கேட்டவளுக்கு மட்டும் பதில் எழுதினேன், நான் நலம், பாரிஸ் பக்கத்தில் இருக்கிறேன் என்று. அவள் அதைப் படித்தாளோ இல்லையோ. பிறகு அனாயிஸைக் கூப்பிட்டு, எங்கே அழுத்த வேண்டும் என்று கேட்டு அழுத்தினேன்.

ஜோயலுக்கும் சொன்னேன். "செரி சித்தி. நான் அன்னிக்கு முக்குக்கு வரமாட்டேன். பகல் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து ரூமு கதவ சாத்திக்கினு தூங்கப் போறேன். அவரு வாசிக்கறத நான் பார்க்க வேண்டாம்" என்றான். சாப்பிட்டியாப்பா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

7

தேர் வெள்ளிக்கிழமை இரவு. இங்கே அப்போது சாயங்காலம் நாலு, நாலரை. நான் தரை துடைக்க வேண்டிய நேரம். ஃபத்துவிடம், எங்கள் ஊரில் மாதா முதல்முறை எங்கள் தெருவுக்கு வருகிறாள் என்று சொன்னேன். அவள் முஸ்லிம். ஆனாலும் துடைப்பத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, போய் உட்கார் என்று மளிகை ரூமைக் காட்டினாள். காப்பியும் கொண்டுவந்து வைத்தாள். இந்த முறை நான் சரியாக ‘ஆமாம்’ என்று சொல்லியிருந்தேன்.

அக்கா வீடியோ காலில் வந்தாள். பட்டுப் புடவை, மல்லிகைப்பூ. கையில் உப்பும் மிளகும் உள்ள காகிதப் பொட்டலம். பின்னால் தெரு சனம் மொத்தமும். "பாருடி, வருது வருது" என்று போனைத் திருப்பினாள். முதலில் சத்தம்தான் வந்தது. இருபது வருஷத்துக்குப் பிறகு, எங்கள் கோயில் தேருக்கு முன்னால் இன்னாசி மாமாவின் கிளாரினெட். அவருக்குக் கன்னம் உப்பியிருந்தது. முகத்தில் எதுவும் தெரியவில்லை. தேர் முக்குக்கு வந்தது, நின்றது. எல்லோரும் உப்பும் மிளகுமாக வீசினார்கள். நானும் கை கூப்பினேன். ஃபத்து என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, ராணி அழகாக இருக்கிறாள் என்றாள்.

அப்புறம் தேர் திரும்பியது. எங்கள் தெருப் பக்கமாக. கம்பியை ஒரு ஆள் கவட்டைக் கழியால் தூக்கிப் பிடிக்க, தேர் குனிந்து நுழைவதுபோல உள்ளே போனது. இருபக்கமும் சுவருக்கும் தேருக்கும் நடுவில் ஒரு ஆள் புகுந்து போக இடமில்லை. உண்மையிலேயே தெரு குறுகல்தான். பொய் சொன்னவர்கள் அதில் மட்டும் பொய் சொல்லவில்லை.

திடீரென்று அக்கா "ஐயய்யோ!" என்றாள்.

"என்னாக்கா? என்னா ஆச்சி?"

"பிலோ! எல்லாரும் முக்குல நிக்கிறோம்டி! தெருவுல ஒரு வீட்டு வாசல்லயும் ஆளே இல்லடி!"

யாருக்குமே தோன்றவில்லை. காலங்காலமாக முக்குக்குப் போய்ப் பழகிய கால்கள், தேர் வீட்டுக்கே வரும் என்று தெரிந்தும், வீட்டைப் பூட்டிக்கொண்டு முக்குக்கே போய் நின்றுவிட்டன. தேரோ ஆளில்லாத தெருவுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. தேரைத் தாண்டி முன்னால் போக வழியில்லை. அழுகையும் சிரிப்புமாக ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு எல்லோரும் பின்பக்கச் சந்து வழியாக ஓடத் தொடங்கினார்கள். "நான் வைக்கிறேன்டி. நம்ம வாசல்ல ஆளு இல்லாம போயிடக்கூடாது" என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

அன்றைக்கு அதற்குமேல் யாரும் கூப்பிடவில்லை. மறுநாள் நானே மாமாவைக் கூப்பிட்டேன். அக்கா வாசலுக்குப் போய்ச் சேர்ந்தாளா என்று கேட்டேன்.

"எங்க? உங்க அக்கா வரதுக்குள்ள தேரு நம்ம வீட்டத் தாண்டிடுச்சி."

"அப்ப வாசல்ல யாருமே இல்லையா?"

"இருந்தான்."

"யாரு?"

"ஜோயலு. முக்குக்கு வரமாட்டேன்னு வீட்டுலயே படுத்துக்கினு இருந்தான் இல்ல? அவன் ஒருத்தந்தான் அந்தத் தெருவுலயே இருந்தான். சத்தம் கேட்டு கதவத் தொறந்தான். நான் நேருக்கு நேரா நிக்கிறேன், பின்னால மாதா நிக்கிது. கைலியோட அப்படியே நின்னான். என்னையே பார்த்தான்."

"ஏதாவது பேசுனானா மாமா?"

"பேசல. உள்ள ஓடிட்டான். போயிட்டான்னுதான் நெனைச்சேன். சமையக்கட்டுலேர்ந்து உப்பு டப்பாவோட வந்தான். கல்லுப்புகூட இல்ல, தூளுப்பு. ஒரு பிடி அள்ளி வீசினான் பாரு, தேருக்குப் போகல, பூரா என் மூஞ்சியில. கண்ணு ரெண்டும் எரிஞ்சி தண்ணியா கொட்டுது பிலோ. அதான் நம்ம வாசல்ல மட்டும் வாசிக்க முடியல."

"சரி மாமா" என்றேன்.